மதுரைக்கு ஓடுமுன்: அவசரப் பிரிவு பற்றி வாசகர் கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்து வாசகர்களின் கடிதங்களுக்கு அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

அரிசி ஆலையில் அப்பாவுக்குக் கையில் வெட்டு. ரத்தம் சொட்டச் சொட்டத்தான் கூட்டிப் போனோம். எங்களுக்குப் பின்னால் தானே நடந்து வந்த ஒருவரை முதலில் உள்ளே அழைத்தார்கள். நாங்கள் 40 நிமிடம் வெளியே. இது என்ன நியாயம்?
– வாசகர், புதுவயல்

அவசரப் பிரிவில் டோக்கன் வரிசை கிடையாது. வாசலில் ஒரு நர்ஸ் நாடி, ரத்த அழுத்தம், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன், நினைவு, மூச்சு எண்ணிக்கை எல்லாம் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார். இவற்றில் வெளியாட்கள் கவனிக்காதது மூச்சு எண்ணிக்கை. நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது 30-ஐத் தொட்டால், ஆள் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தாலும் சிவப்புதான். தானே நடந்து வந்த அந்த மனிதருக்கு வியர்த்துக் கொட்டித் தாடை வலித்திருக்கலாம். அவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

உங்கள் அப்பாவின் ரத்தம் அழுத்திப் பிடித்ததும் நின்றிருக்கும், அதனால்தான் காத்திருக்க முடிந்தது. சுத்தமான துணியை மடித்து வைத்து 10 நிமிடம் விடாமல் அமுக்க வேண்டும். நடுவில் ‘நின்னுருச்சா’ என்று தூக்கிப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் பிய்ந்துவிடும். காப்பித்தூள், மஞ்சள்தூள் வைத்தால் தையல் போடுமுன் அதைக் கழுவியெடுப்பதே ஒரு வேலையாகிவிடும். ரத்தம் பீய்ச்சியடித்தாலோ, விரல் நுனி வெளுத்து மரத்துப்போனாலோ காத்திருக்காதீர்கள். எழுந்து போய்ச் சொல்லுங்கள், நிறம் மாறும்.

அப்பச்சிக்கு 61 வயது. ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு எரிகிறது என்றார்கள். வாயு என்று சோடா கொடுத்தோம். விடியும் நேரத்தில் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, மாரடைப்பு, கட்டியைக் கரைக்கும் ஊசி இங்கேயே போடுகிறோம் என்றார்கள். சொந்தக்காரர்கள் ‘எதற்கு ரிஸ்க், மதுரைக்குக் கொண்டுபோய்விடலாம்’ என்று கிளப்பிவிட்டார்கள். செய்தது சரியா?
– வாசகி, காரைக்குடி

இந்தக் கடிதத்தில் இருக்கிற கணக்கை ஒவ்வொரு வீட்டிலும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஈ.சி.ஜி.யில் ‘எஸ்.டி.’ எனப்படும் பகுதி மேலே ஏறியிருந்தால், இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று முழுக்க அடைபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். குழாய் திறக்கும்வரை அதற்குப் பின்னால் உள்ள தசை செத்துக்கொண்டே இருக்கும். திறக்க இரண்டு வழி: இதயக் குழாய்களுக்குச் சிகிச்சை செய்யும் தனி அறையான கேத் லேபில் பலூன் வைத்துத் திறப்பது, அல்லது ஊசியால் கரைப்பது. பலூன்தான் மேல், ஆனால் ஒரு நிபந்தனையோடு. மாரடைப்பு என்று தெரிந்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் அது நடக்க வேண்டும். முடியாதென்றால் இருக்கிற இடத்திலேயே ஊசி போட்டுவிட்டுக் கிளம்புவதுதான் முறை.

இப்போது எண்ணுங்கள். காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 90 கி.மீ. வண்டி வந்து ஏற்றிப் புறப்பட 20 நிமிடம், வழியில் ஒன்றரை மணிக்கு மேல், போய் இறங்கியதும் மறுபடி ஈ.சி.ஜி., கையெழுத்து, அகால வேளையானால் கேத் லேப் ஆட்கள் வீட்டிலிருந்து வர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஊசியோ ஆஸ்பத்திரிக்குள் வந்த 30 நிமிடத்துக்குள் ஏறிவிடும். வலி தொடங்கிய முதல் 2, 3 மணி நேரத்தில் அதன் பலன் மிக அதிகம். 12 மணி நேரம் தாண்டினால் பொதுவாகப் போடுவதில்லை. ஊசி போட்ட பிறகு மதுரைக்கோ திருச்சிக்கோ போகலாம், போகவும் வேண்டும். 60 முதல் 90 நிமிடத்தில் மறு ஈ.சி.ஜி. எடுத்து, ஏறிய கோடு பாதியாவது இறங்கியதா என்று பார்ப்பார்கள். இறங்கவில்லையென்றால் உடனே பலூன், இறங்கியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ.

ரிஸ்க் இல்லையா என்றால், உண்டு. மூளையில் ரத்தக் கசிவு ஏற்படலாம், நூற்றில் ஒருவருக்கு முன்பின். அதனால்தான் போடுமுன் அத்தனை கேள்வி: முன்பு மூளையில் ரத்தம் கசிந்ததா, சமீபத்தில் பக்கவாதமோ தலைக் காயமோ பெரிய ஆபரேஷனோ உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா. பயத்தில் எதையும் மறைக்காதீர்கள். கரைக்கும் ஊசியில் இரண்டு வகை சொல்கிறோம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில் ட்ரிப்ஸில் இறங்கும். அப்போது ரத்த அழுத்தம் சரிவதுண்டு, வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். முன்னொரு தடவை இதே மருந்து போட்டவர்களுக்குத் திரும்பப் போடுவதில்லை. உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கும். எனவே பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். டெனக்டிப்ளேஸ் என்றால் எடைக்கு ஏற்றபடி ஒரே தடவையில் சில விநாடியில் ஏற்றிவிடுவார்கள். அதனால்தான் உங்களிடம் ‘எத்தனை கிலோ’ என்று கேட்கிறார்கள்.

ஊசிக்கு முன்னால் மாத்திரை. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை கிடைக்கும்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு, ஆக 14 மாத்திரை. ஆஸ்பிரினை மட்டும் கடித்து மென்று விழுங்க வேண்டும். வயிற்றைக் கெடுக்காமலிருக்க அதன் மேல் ஒரு பூச்சு இருக்கும். முழுசாக விழுங்கினால் அது கரைந்து மருந்து வெளிவர நேரம் பிடிக்கும்.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் அதிகம். விட்டுவிடுங்கள். இதயத்தின் அடிப்பகுதியும் வலது பக்கமும் பாதிக்கிற மாரடைப்பில் ஒரு மாத்திரையே ரத்த அழுத்தத்தைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். அதைத் தெரிந்துகொள்ள வலது பக்க ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தால் மாரடைப்பு இல்லை என்று அர்த்தமாகாது. 15, 30 நிமிடத்தில் மறுபடி எடுப்பதும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோப்போனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் கழித்து இரண்டாம் தடவை பார்ப்பதும் பில்லை ஏற்றுவதற்கல்ல.

அண்ணனை வரப்பில் பாம்பு கடித்துவிட்டது. பாம்பையும் அடித்து எடுத்துக்கொண்டுதான் போனோம். டாக்டர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேசையில் வைத்துவிட்டு 20 நிமிடம் ஆகட்டும் என்றார். காலில் நாங்கள் கட்டியிருந்த கயிற்றையும் உடனே அவிழ்க்கவில்லை. அந்த நேரத்தில் மருந்து போட்டிருக்கக் கூடாதா?
– வாசகர், கீழச்சிவல்பட்டி

அந்தக் கண்ணாடிக் குழாய்தான் அன்றைக்கு அங்கிருந்த பெரிய டாக்டர்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுக்கும். நரம்பிலிருந்து 2 மி.லி. ரத்தத்தைக் காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைப்பார்கள். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. ஜெல்லி போல் அடியில் ஒட்டி நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீர் போல் ஓடிவந்தால் விஷம் உடம்புக்குள் வேலை செய்கிறது, விஷமுறிவு மருந்து உடனே ஏற வேண்டும். இதில் தப்பு நடக்க இடம் உண்டு. பிளாஸ்டிக் குழாயில் விட்டால் நல்ல ரத்தமும் சரியாக உறையாது, ஏனென்றால் உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு. சோப்புப் பொடி போட்டுக் கழுவிய குழாயும் அப்படித்தான் ஏமாற்றும். 12-ஆவது நிமிடத்தில் பொறுமையிழந்து யாராவது தூக்கிப் பார்த்தாலும் பரிசோதனை கெட்டது.

ஆனால் ஈறில் ரத்தம் கசிந்தாலோ, இமை சொருகினாலோ, வீக்கம் மளமளவென்று மேலே ஏறினாலோ 20 நிமிடத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள். உங்கள் அண்ணனுக்கு அவை எதுவும் இல்லாததால்தான் டாக்டர் குழாயை நம்பியிருப்பார். கடித்ததெல்லாம் விஷப் பாம்பு அல்ல, விஷப் பாம்பும் ஒவ்வொரு கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை. குதிரையின் ரத்தத்திலிருந்து செய்யும் இந்த மருந்து கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. தேவையில்லாதவருக்குப் போட்டால் பாம்பு செய்யாததை மருந்து செய்துவிடும்.

பாம்பைத் தேடி அடிப்பதில் போகும் நேரம் வீண், இரண்டாவது ஆளும் கடி வாங்குவார். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் மருந்து ஒன்றுதான். அந்த மருந்தைச் செய்யத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது.

மருந்து பொடியாக வரும். ஒவ்வொரு குப்பியிலும் 10 மி.லி. நீர் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துப் போகும். தொடக்க அளவு 8 முதல் 10 குப்பி, சலைனில் கலந்து ஒரு மணி நேரத்துக்குள். குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு சின்னப் பிள்ளை என்று விஷத்தைக் குறைத்தா இறக்குகிறது? கடிவாயில் ஊசி போடுவதில்லை. தோலில் கொஞ்சம் ஏற்றிச் சோதித்துப் பார்க்கும் பழைய முறையும் பயனற்றது என்று கைவிட்டாயிற்று. அதற்குப் பதிலாக, ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். அரிப்பு, தடிப்பு, வாந்தி, குளிர்நடுக்கம் வந்தால் ட்ரிப்ஸை நிறுத்தி, அட்ரினலின் போட்டு, அடங்கியதும் மெதுவாகத் திரும்பத் தொடங்குவார்கள். 6 மணி நேரம் கழித்து மறுபடி கண்ணாடிக் குழாய். கல்லீரல் புதிதாக உறைபொருள் செய்துகொடுக்க அவ்வளவு நேரமாகும். நடுவில் ‘இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்க’ என்று வற்புறுத்திப் பயனில்லை.

கயிறு விஷயம்: இறுக்கிக் கட்டிய கட்டைச் சட்டென்று அவிழ்த்தால் அதுவரை தேங்கியது ஒரே மூச்சில் உடம்புக்குள் பாயும். ஆகவே கையில் ட்ரிப்ஸ் ஊசி ஏறி, மருந்து தயாரான பின் மெல்லத் தளர்த்துவார்கள். முதலில் கட்டாமலே இருந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. எலும்பு முறிந்தால் எப்படிக் கட்டை வைத்து அசையாமல் வைப்போமோ அப்படி வையுங்கள், மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றுங்கள், நடக்க விடாதீர்கள், அவ்வளவு போதும். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் மணியையும் எழுதிவிட்டால் எங்களுக்குப் பேருதவி.

கட்டு விரியனைத் தனியாகச் சொல்ல வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பவரை நள்ளிரவில் கடிக்கும், வலிக்காது, தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்றுவலி என்பார், வாந்தி வரும். பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும். வாயுத் தொல்லை என்று வீட்டிலேயே வைத்திருந்தால் மூச்சுத் தசை நின்றுவிடும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று கேட்டுக்கொண்டே இருப்போம். 30 வரை எண்ணியவர் 15-க்கு இறங்கினால் செயற்கை சுவாசத்துக்குத் தயாராகிறோம். இந்த விஷத்தில் மருந்து ஏற்றியும் சில நாள் வென்டிலேட்டர் தேவைப்படலாம், அதைப் பார்த்து ‘கோமாவுக்குப் போயிட்டார்’ என்று வீட்டுக்குத் தூக்கிப் போய்விடாதீர்கள். அசைய முடியாதே தவிர, நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பனையேறும்போது கதண்டு கொட்டியவருக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுத்தது. கிளினிக்கில் அவில், டெக்ஸா இரண்டும் போட்டும் மயங்கிவிட்டார். இரண்டு ஊசி போட்டும் ஏன்?
– வாசகர், சிங்கம்புணரி

போட வேண்டிய ஊசி மூன்றாவது, அதுவே முதலாவது: அட்ரினலின். அவில் அரிப்பை அடக்கும், அவ்வளவுதான். டெக்ஸா வேலை செய்யப் பல மணி நேரம் வேண்டும். தொண்டை வீங்குவதையும் ரத்த அழுத்தம் சரிவதையும் நிமிடத்தில் நிறுத்துவது அட்ரினலின் ஒன்றுதான். 1 மி.லி. ஆம்பூலில் 1 மி.கி. இருக்கும். பெரியவருக்கு அதில் பாதி, அரை மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.லி., அதிகபட்சம் அதே அரை மி.லி. 5 நிமிடத்தில் தேறவில்லையென்றால் மறுபடி. பிரஷர் ஏறிவிடும், இதயத்துக்கு ஆகாது என்று தயங்குகிறவர்கள் உண்டு. தசையில் இந்த அளவில் போட்டு ஆபத்து வருவது அரிது, போடாமல் போன உயிர்தான் அதிகம். இதயம் படபடக்கும், கை நடுங்கும், அது மருந்தின் குணம்.

மயக்கம் வருபவரை உட்காரவோ எழுந்து நிற்கவோ விடக் கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். ஆட்டோவுக்கு நடத்திக் கூட்டிப்போகும்போதே சுருண்டு விழுவார்கள். தேறிய பிறகும் குறைந்தது 6 மணி நேரம், கடுமையாக வந்தவரை இன்னும் கூடுதலாக, கண்காணிப்பில் வைக்கிறோம், ஏனென்றால் சிலருக்கு இரண்டாம் அலை வரும். கூட்டமாக வந்து ஐம்பது அறுபது இடத்தில் கொட்டியிருந்தால் ஒவ்வாமையே இல்லாவிட்டாலும் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கலாம். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அதே நாளில் வாருங்கள்.

விரத நாளில் அப்பத்தா ஒரு பக்கமாகச் சாய்ந்து, பேச்சுக் குழறினார்கள். பக்கவாதம் என்று பதறிப் போனோம். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து பேசினார்கள்! ஆனாலும் ஒரு நாள் வைத்துக்கொண்டார்கள். எதற்கு?
– வாசகி, கானாடுகாத்தான்

சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் போட்டுவிட்டுச் சாப்பாட்டை விட்டிருப்பார்கள். ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கினால் அச்சு அசலாகப் பக்கவாதம் போலவே காட்டும். அதனால் வாய் கோணி வந்த எவருக்கும் முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்தான். 70-க்குக் கீழ் குறைவு. நினைவிருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போகும். நாங்கள் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. நரம்பில் ஏற்றுவோம். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையின் வேலை ஒரு நாள்வரை நீடிக்கும், முதியவர்களுக்குச் சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அதற்கு மேலும். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் சர்க்கரை மறுபடி இறங்கும், வீட்டில் தூங்கும்போது இறங்கினால் யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் ஒரு நாள்.

சர்க்கரை சரியாக இருந்து வாய் கோணியிருந்தால் அதை நிஜமான பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்வோம். ‘கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்’ என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. கண்டுபிடித்த நேரத்தைச் சொல்லாதீர்கள். 4½ மணி நேரத்துக்குள் என்றால் கரைக்கும் ஊசிக்கு வாய்ப்பு உண்டு. மாரடைப்பைப் போலன்றி, பக்கவாதத்தில் ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரியில் நிற்பது வீண். அடைப்பா கசிவா என்று சி.டி. எடுக்காமல் எந்த மருந்தும் கொடுக்க முடியாது, ஆஸ்பிரின்கூட.

ஊருணியில் மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றித் தண்ணீரை வெளியே எடுக்கலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

கூடாது. வெளியே வருவது வயிற்றுத் தண்ணீர். அது சோற்றோடு சேர்ந்து மூச்சுக்குழாயில் இறங்கும். பிள்ளைக்குக் குறைவது ஆக்சிஜன். மூச்சில்லையென்றால் கரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மோவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து 5 தடவை ஊதுங்கள், நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்தபடியே. அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊதல், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், நெஞ்சின் கனத்தில் மூன்றிலொரு பங்கு இறங்கும்படி. இருமி எழுந்து ‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லும் பிள்ளையையும் 6 முதல் 8 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வையுங்கள், நுரையீரல் தாமதமாக வீங்குவதுண்டு.

பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். பெரிய வீட்டில் நானும் எங்கள் வீட்டு ஆச்சியும் மட்டும். அவசரத்துக்கு என்ன தயாராக வைத்திருக்க வேண்டும்?
– வாசகர், தேவகோட்டை

மருந்துப் பெட்டியைவிட ஒரு தாள் முக்கியம். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, பழைய ஆபரேஷன், ஸ்டென்ட் வைத்த ஆண்டு. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை இரண்டையும் சிவப்பு மையில். கடைசி ஈ.சி.ஜி. நகல் ஒன்று. புது ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். இவற்றைப் பூஜை அறை அலமாரியில் பூட்டி வைக்காமல் முகப்பில் தொங்கவிடுங்கள். வேலைக்கு வரும் பெண்ணுக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் குளுக்கோமீட்டரும் வேண்டும், அதன் பட்டை காலாவதியாகாமல்.

இனி, உங்கள் வீட்டுக்கே உரிய சிக்கல். இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. 108-க்குக் கூப்பிடும்போது தெருப் பெயரை மட்டும் சொன்னால் வண்டி பின்கட்டு வாசலில் வந்து நிற்கும், ஆள் முன்கட்டில் கிடப்பார். எந்தத் தெருப் பக்கம், எந்தக் கோயிலுக்கு அல்லது ஊருணிக்கு அருகில் என்று தாளின் மேலேயே எழுதி வையுங்கள், பதற்றத்தில் அதைப் படித்துச் சொன்னால் போதும். உயரமான வாசற்படியும் நிலைப்படியும் தாண்டி ஸ்ட்ரெச்சரைத் தூக்க நான்கு பேர் வேண்டும், ஆகவே பக்கத்து வீட்டு எண்ணும் அதே தாளில். நெஞ்சுவலி வந்தவர் மாடியிலோ இரண்டாம் கட்டிலோ இருந்தால் அவரை நடத்தி முகப்புக்குக் கொண்டுவர வேண்டாம், இருக்கிற இடத்திலேயே சாய்ந்து உட்காரட்டும். நீங்கள் போய் வண்டி வருகிற பக்கத்துக் கதவின் தாழ்ப்பாளை எடுத்து, முகப்பு விளக்கைப் போட்டு வையுங்கள்.